பழைய பிக்கப், பின்னால் ஒரு வேலை டிரெய்லர்: கட்டும் முன் தெரிந்துகொள்ள வேண்டியவை

அமெரிக்காவில் புல்வெளி வெட்டுகிறவர், வேலி போடுகிறவர், தச்சர் என்று சொந்தமாகத் தொழில் செய்கிற பலருக்கு ஒரு பிக்கப்பும் அதன் பின்னால் ஒரு டிரெய்லரும்தான் கடை, கிடங்கு, ஆபீஸ் எல்லாம். பெரும்பாலானவர்கள் புது வண்டி வைத்திருப்பார்கள். சிலர் மட்டும் ஐம்பது, அறுபது வருஷத்துக்கு முந்தைய வண்டியைத் தேடி வாங்கி, தகரம் அடித்து, இன்ஜின் கட்டி, அதையே தினசரி வேலைக்கு ஓட்டுகிறார்கள். எனக்கு இவர்கள்மேல் தனி மரியாதை உண்டு. வேலைக்கென்று செய்த வண்டி வேலை செய்துகொண்டிருப்பதுதான் அழகு.

இப்படி ஒரு வண்டியை வாங்கியவர் முதலில் கேட்கும் கேள்வி, "இது எவ்வளவு இழுக்கும்?" என்பது. நான் கேட்கச் சொல்வது வேறு: "கட்டிய டிரெய்லரோடு இது எவ்வளவு தூரத்தில் நிற்கும்?" அந்தக் காலத்து இன்ஜின்கள் பாரத்தை நகர்த்திவிடும், அதில் பெரிய சந்தேகம் இல்லை. பிரேக், சஸ்பென்ஷன், வயரிங் மூன்றும் அப்படியல்ல. அவை அந்தக் காலத்து வேகத்துக்கும் சாலைக்கும் செய்யப்பட்டவை. இன்றைய நெடுஞ்சாலையில் முன்னால் போகிற கார் சடாரென்று நிற்கும்போது, நம் வண்டியும் அதன் பின்னால் இருக்கிற டிரெய்லரும் சேர்ந்து நின்றாக வேண்டும்.

உதாரணத்துக்கு ஒரே வண்டியை எடுத்துக்கொள்கிறேன்: 1967 முதல் 1972 வரை வந்த செவர்லே சி-10. பழைய பிக்கப் பிரியர்களிடம் மிகவும் பேர் வாங்கிய மாடல். உதிரிப்பாகம் எளிதில் கிடைக்கும், வேலை தெரிந்த மெக்கானிக்குகளும் இருக்கிறார்கள். நீங்கள் வைத்திருப்பது ஃபோர்டோ டாட்ஜோ என்றாலும் அடிப்படை இதேதான்.

இன்ஜின் பற்றிக் கொஞ்சம்

பழைய விளம்பரங்களில் இருக்கும் குதிரைசக்தி எண்ணை அப்படியே நம்பக்கூடாது. 1971 வரை நிறுவனங்கள் சொன்னது கிராஸ் கணக்கு. ஃபேன், ஆல்டர்னேட்டர், ஏர் கிளீனர், சைலன்சர் போன்றவற்றைக் கழற்றி வைத்துவிட்டு மேடையில் ஓட்டிப் பார்த்த எண் அது. 1972-ல் வண்டியில் பொருத்தியபடி அளக்கும் நெட் கணக்குக்கு மாறினார்கள். செவர்லேயின் 250 கன அங்குல, ஆறு சிலிண்டர் இன்ஜின் 1971-ல் 145 குதிரைசக்தி என்றிருந்தது, 1972-ல் 110 ஆனது. இன்ஜின் அதேதான், அளந்த விதம் மாறியது.

ஆனாலும் 110 போதும். மெதுவாக, கீழ் கியரில் இழுப்பதற்கு இந்த இன்ஜின்களின் குணம் ஒத்துவரும். உண்மையில் பின் ஆக்சிலின் பல்விகிதம், அதாவது சக்கரம் ஒரு சுற்று சுற்ற இன்ஜின் பக்கத் தண்டு எத்தனை சுற்று சுற்ற வேண்டும் என்ற எண், இன்ஜினைவிட முக்கியம். 3.07 போட்ட வண்டி நெடுஞ்சாலையில் சுகமாக ஓடும், பாரம் கட்டினால் திணறும். 3.73-ம் அதற்கு மேலும் இருந்தால் இழுவைக்கு நல்லது. உங்கள் வண்டியில் என்ன போட்டு அனுப்பினார்கள் என்பது கிளவ் பாக்ஸில் ஒட்டியிருக்கும் காகிதத்தில் இருக்கும், அந்தக் காகிதம் இத்தனை வருஷம் பிழைத்திருந்தால். அதற்குப் பிறகு யாராவது ஆக்சிலை மாற்றியிருக்கலாம் என்பதையும் நினைவில் வையுங்கள்.

எடைக் கணக்கு

இன்றைய புது அரை டன் பிக்கப்புக்கு (சி-10 போன்ற இலகு ரகத்துக்கு வழங்கும் பெயர்) "இவ்வளவு இழுக்கும்" என்று ஒரு எண் உண்டு, அது 10,000 பவுண்டைத் தாண்டுவதும் சகஜம். அந்த எண்ணுக்குப் பின்னால் ஜே2807 என்கிற சோதனை முறை இருக்கிறது. எஸ்.ஏ.இ. என்ற பொறியாளர் சங்கம் 2008-ல் வெளியிட்டது. அரிசோனாவின் டேவிஸ் டேம் ஏற்றத்தில், கடும் வெயிலில், ஏசியை முழுதாகப் போட்டுக்கொண்டு, குறிப்பிட்ட வேகம் குறையாமல் ஏறிக் காட்ட வேண்டும் என்பது அதில் ஒரு பகுதி. அதற்கு முன்பு ஒவ்வொரு நிறுவனமும் தன் இஷ்டப்படி ஒரு எண்ணைச் சொல்லிக்கொண்டிருந்தது. ஆகவே பழைய விளம்பர எண்ணையும் புது எண்ணையும் பக்கத்தில் வைத்து ஒப்பிடுவதில் அர்த்தமில்லை.

பழைய வண்டிக்கு நாமே கணக்குப் போட வேண்டும். ஓட்டுநர் கதவு நிலையில் உள்ள தகட்டில், வண்டி மொத்தமாக எவ்வளவு எடை தாங்கலாம் என்று பொறித்திருக்கும். சி-10-ல் அது ஏறக்குறைய 5,000 பவுண்டு, அதாவது 2,270 கிலோ என்று வைப்போம். நீண்ட தொட்டி (பின்னால் சாமான் ஏற்றும் பகுதி) வைத்த வண்டியின் சொந்த எடை 1,800 கிலோ. மீதி 470 கிலோ. இரண்டு ஆள் 150. டிரெய்லரின் முன்பகுதி ஹிட்ச் (வண்டியின் பின்னால் டிரெய்லரை மாட்டும் இணைப்பு) மேல் அழுத்தும் எடை 180 என்றால், தொட்டியில் ஏற்ற மிச்சம் 140 கிலோதான். ஒரு கருவிப்பெட்டி, பெட்ரோல் கேன், ஜெனரேட்டர், அவ்வளவுதான். டிரெய்லர் கட்டுவதால் தொட்டி காலியாகக் கிடக்கிறது, அதிலும் ஏற்றலாம் என்று நினைக்கிறவர்கள் இந்தக் கணக்கை ஒரு தடவை போட்டுப் பார்க்க வேண்டும்.

அடுத்து டிரெய்லர். வேலைக்கு அதிகம் ஓடுவது 6 அடி அகலம், 12 அடி நீளம், ஒற்றை ஆக்சில் வைத்த திறந்த டிரெய்லர். அதன் தகட்டில் 2,990 பவுண்டு என்று விநோதமான ஒரு எண் இருப்பதைப் பார்ப்பீர்கள். காரணம் எளிது. பல மாநிலங்களில் 3,000 பவுண்டுக்கு மேற்பட்ட டிரெய்லருக்கு அதற்கென்று பிரேக் இருக்க வேண்டும் என்பது சட்டம். பத்து பவுண்டு குறைத்துப் பொறித்தால் பிரேக் வைக்காமலே விற்கலாம். கலிபோர்னியாவில் அந்த எல்லை 1,500 பவுண்டு, டெக்சாஸில் 4,500. எல்லை மாநிலத்துக்கு மாநிலம் மாறுகிறது, டிரெய்லர் நம் வண்டியை முதுகில் தள்ளும் பலம் எங்கேயும் மாறுவதில்லை. இந்த எண்களைச் சட்டத்துக்காக மட்டும் பாருங்கள். பழைய வண்டிக்கு எது பாதுகாப்பு என்று அவை சொல்லாது.

2,990 பவுண்டு என்பது 1,356 கிலோ. டிரெய்லரின் சொந்த எடை 545 கிலோ என்றால் ஏற்றக்கூடியது 810 கிலோ சொச்சம். கேட்க நிறைய இருப்பதாகத் தோன்றும். இப்போது ஒரு கன கெஜம் ஈர மணல் வாங்குகிறீர்கள் என்று வையுங்கள். அதன் எடை 1,400 கிலோவை ஒட்டி வரும். 6-க்கு 12 தளத்தில் அதைப் பரப்பினால் உயரம் வெறும் நாலரை அங்குலம்! பார்க்கிறவருக்கு டிரெய்லர் காலியாக இருப்பது போலத்தான் தெரியும். ஆனால் தாங்க வேண்டியதைவிட அரை டன்னுக்கும் அதிகமாக ஏறியிருக்கும். மண், ஜல்லி, ஈர மரம், கான்கிரீட் உடைசல் இவற்றைக் கண்ணால் பார்த்து எடை சொல்ல யாராலும் முடியாது. நெடுஞ்சாலை ஓர லாரி நிறுத்தங்களில் எடைமேடைகள் இருக்கின்றன. முன் ஆக்சில், பின் ஆக்சில், டிரெய்லர் ஆக்சில் மூன்றையும் தனித்தனியாக எழுதி ஒரு சீட்டு தருவார்கள். வழக்கமாக ஏற்றும் பாரத்தோடு ஒரு தடவை போய் நிறுத்திப் பார்ப்பது, நூறு பேரிடம் யோசனை கேட்பதைவிட மேல்.

முன்பாரம்

மாட்டு வண்டியில் மூட்டை அடுக்கியவர்களுக்கு இந்தப் பகுதி ஏற்கெனவே தெரியும். பாரம் அச்சுக்கு முன்னால் அதிகமானால் நுகத்தடி மாட்டின் கழுத்தை அழுத்தும், பின்னால் அதிகமானால் ஏர்க்கால் மேலே தூக்கும். கொஞ்சம் முன்பாரமாக இருக்கும்படி பார்த்து அடுக்குவார்கள். டிரெய்லருக்கும் அதே விதிதான். ஹிட்ச்சில் இறங்கும் இந்த முன்பாரத்தை அமெரிக்காவில் டங் வெயிட் என்பார்கள். டிரெய்லரின் மொத்த எடையில் 10 முதல் 15 சதவீதம் ஹிட்ச் மேல் உட்கார வேண்டும். 1,350 கிலோ டிரெய்லருக்கு 135 முதல் 200 கிலோ.

இது குறைந்தால் என்ன ஆகும்? டிரெய்லரின் பின்புறம் வலமும் இடமும் ஆட ஆரம்பிக்கும். லேசாகத் தொடங்கி, வேகம் கூடக் கூட ஒவ்வொரு ஆட்டமும் முந்தையதைவிடப் பெரிதாகி, கடைசியில் டிரெய்லர் வண்டியின் பின்பக்கத்தையே இழுத்துத் திருப்பிவிடும். பின் ஓரத்தில் இரண்டு மெஷின், ஆக்சிலுக்கு முன்னால் காலி இடம் என்று ஏற்றிய டிரெய்லர்களில் இது நடக்கும். பாரத்தில் ஏறத்தாழ 60 சதவீதம் ஆக்சிலுக்கு முன்னால், 40 பின்னால் என்று தொடங்குங்கள். பிறகு அளந்து திருத்துங்கள்.

அளப்பதற்குக் குளியலறை எடைக்கருவி போதும். அதில் நேராக 180 கிலோவை இறக்கினால் உடைந்துவிடும், அதனால் நெம்புகோல் வைக்க வேண்டும். நாலடிக்குக் குறையாத கனமான ஒரு கட்டையை எடுங்கள். ஒரு முனையின் கீழே எடைக்கருவி அளவு உயரத்துக்குச் செங்கல் வைத்து, அதன்மேல் ஒரு குழாய்த்துண்டு. மறுமுனையின் கீழே எடைக்கருவி, அதன்மேலும் ஒரு குழாய்த்துண்டு. இரண்டு குழாய்க்கும் நடுவே சரியாக மூன்று அடி இருக்கட்டும். செங்கல் பக்கக் குழாயிலிருந்து ஒரு அடியில், அதாவது எடைக்கருவியிலிருந்து இரண்டு அடியில், டிரெய்லரின் மூக்கை (ஹிட்ச்சில் பூட்டும் முன்முனையை) இறக்குங்கள். கருவி காட்டுவதை மூன்றால் பெருக்கினால் முன்பாரம் வந்துவிடும். 55 காட்டினால் 165 கிலோ. டிரெய்லர் சமதளத்தில் இருக்க வேண்டும், சக்கரத்துக்கு முட்டு கொடுத்திருக்க வேண்டும், மூக்கு ஹிட்ச்சில் உட்காரும் உயரத்திலேயே இருக்க வேண்டும். இந்த மூன்றும் சரியாக இருந்தால் அளவு நம்பலாம்.

சரி, அப்படியானால் முன்பாரத்தைத் தாராளமாக வைத்துவிட்டால்? அதுவும் ஆகாது. ஹிட்ச் பின் ஆக்சிலுக்குப் பின்னால் ஏறக்குறைய நாலடி தள்ளி இருக்கிறது. நீண்ட தொட்டி சி-10-ன் வீல்பேஸ் (முன், பின் ஆக்சில்களுக்கு இடைப்பட்ட தூரம்) 127 அங்குலம். அங்கே 180 கிலோ இறங்கினால், பின் ஆக்சிலை மையமாக வைத்து வண்டியின் மூக்கு மேலே எழும். முன் சக்கரங்கள் 68 கிலோ இழக்கும், பின் ஆக்சிலில் 248 கிலோ ஏறும். ஸ்டியரிங் திருப்புவதும் பிரேக் பிடிப்பதில் பெரும்பங்கும் முன் சக்கரங்களின் வேலை. அங்கே எடை குறைந்தால் இரண்டும் தளரும். இரவில் ஹெட்லைட் எதிரே வருகிறவர் கண்ணில் அடிக்கிறதா? அது இதே கோளாறின் அடையாளம்தான்.

இந்த வருஷங்களின் சி-10-ல் பின்பக்கம் பெரும்பாலும் காயில் ஸ்பிரிங். அக்காலப் பிக்கப்புகளில் பட்டை ஸ்பிரிங்தான் வழக்கம், செவர்லே மட்டும் நீண்ட கைகளும் காயிலுமாக வேறு வழியில் போனது. காலி வண்டி கார் மாதிரி சொகுசாகப் போகும், ஹிட்ச்சில் பாரம் வந்தால் பின்புறம் தாழ்ந்துவிடும். காற்றுப்பை வைத்து நிமிர்த்தலாம், தப்பில்லை. ஆனால் உயரம் சரியானதால் ஆக்சிலின் தாங்குதிறன் கூடிவிட்டது என்று நினைக்க வேண்டாம். தகட்டில் இருக்கும் எண் அப்படியேதான் இருக்கிறது.

ஹிட்ச்

பின் பம்பரில் ஓட்டை போட்டு, டிரெய்லரின் மூக்கு உட்காரும் இரும்புப் பந்தை மாட்டியிருப்பதைப் பல பழைய வண்டிகளில் பார்க்கலாம். அதைக் கழற்றிவிடுங்கள். ஐம்பது வருஷ பம்பர், அதைப் பிடித்திருக்கும் மெல்லிய பட்டைகள், உள்ளே தெரியாமல் தின்ற துரு இவற்றை நம்பி ஒரு டன்னை இழுக்கக்கூடாது. சேஸிஸின் இரண்டு பக்கச் சட்டத்திலும் போல்ட் போட்டுப் பிடிக்கும், இரண்டு அங்குலச் சதுரத் துளை உள்ள ரிசீவர் ஹிட்ச் இந்த வண்டிகளுக்கென்றே கிடைக்கிறது. மாட்டுவதற்கு முன் சேஸிஸைக் கம்பிப் பிரஷால் தேய்த்து, போல்ட் வரும் இடங்களைச் சுத்தியலால் தட்டிப் பாருங்கள். நல்ல இரும்பு கணீர் என்று கேட்கும்.

ஹிட்ச்சுக்கு வகுப்பு எண்கள் உண்டு. முதல் வகுப்பு 2,000 பவுண்டு, இரண்டாவது 3,500 என்று ஏறிக்கொண்டே போகும். அந்த எண் ஹிட்ச்சின் பலம் மட்டுமே. மூன்றாம் வகுப்பு ஹிட்ச் மாட்டியதால் வண்டி மூன்றாம் வகுப்புப் பாரத்தை இழுக்கும் என்று ஆகாது.

பந்தின் அளவில் அசட்டை வேண்டாம். ஒன்று முக்கால் அரைக்கால் அங்குலம், இரண்டு அங்குலம், இரண்டே கால் அங்குலத்துக்குச் சற்றுக் கூடுதல் என்று மூன்று அளவு பரவலாக இருக்கிறது. இரண்டு அங்குல மூக்கு சிறிய பந்தின்மேலும் உட்காரும், பூட்டும் விழும், தெருவில் ஒழுங்காகவும் வரும். ஒரு பெரிய பள்ளத்தில் குதித்ததும் கழன்றுவிடும். அளவு பந்தின் தலையிலும் டிரெய்லரின் மூக்கிலும் பொறித்திருக்கும், இரண்டையும் படித்துப் பொருத்துங்கள். பூட்டிய பின் டிரெய்லரின் முன்ஜாக்கியைச் சுற்றி வண்டியின் பின்புறத்தைக் கொஞ்சம் தூக்கிப் பாருங்கள். கழன்று வராவிட்டால் பூட்டு பிடித்திருக்கிறது. பாதுகாப்புச் சங்கிலி இரண்டையும் மூக்குக்குக் கீழே குறுக்காக மாட்ட வேண்டும். ஒருவேளை கழன்றாலும் மூக்கு தரையில் குத்தாமல் அந்தத் தூளியில் விழும்.

பிரேக்: இங்கேதான் பணம் போட வேண்டும்

1966 வரை வந்த பெரும்பாலான அமெரிக்கப் பிக்கப்புகளில் மாஸ்டர் சிலிண்டர் (மிதியின் அழுத்தத்தைப் பிரேக் ஆயிலுக்குக் கொடுக்கும் பாகம்) ஒற்றை அறை கொண்டது. எங்கேயாவது ஒரு குழாய் விட்டுப்போனால் நாலு சக்கரத்துக்கும் பிரேக் போய்விடும். 1967-ல் செவர்லே இரட்டை அறைக்கு மாறியது. முன்புறம் போனாலும் பின்புறம் மிஞ்சும். 1971-ல் முன்சக்கரங்களுக்கு டிஸ்க் பிரேக் செவர்லேயின் எல்லா இலகு ரகப் பிக்கப்புகளிலும் வந்தது. இந்த இரண்டு வருஷங்களையும் மனத்தில் குறித்துக்கொள்ளுங்கள். டிரெய்லர் இழுக்கத்தான் ஒரு சி-10 வாங்கப் போகிறீர்கள் என்றால் 1971, 1972 மாடல்களைத் தேடுங்கள். அதற்கு முந்தையது கையில் இருந்தால் முன்புறம் டிஸ்க்காக மாற்றும் செட் கிடைக்கிறது. 1966 அல்லது அதற்கு முந்தையது என்றால் இரட்டை மாஸ்டர் சிலிண்டர் போடாமல் டிரெய்லர் கட்ட வேண்டாம். இதில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

டிரம் பிரேக் ஏன் போதாது? ஒரு தடவை நிறுத்துவதற்கு நன்றாகவே இருக்கும். தொடர்ந்து பிடித்தால் டிரம் சூடாகி விரியும். விரிந்தால் உள்ளே உரசிப் பிடிக்கும் ஷூவிலிருந்து விலகும். மிதி ஆழமாக இறங்கும், பிடிப்பும் குறையும். டிஸ்க்கில் சூடேறினால் தட்டு தடித்து பேடை நோக்கி வரும், அதனால் இந்தத் தொல்லை இல்லை. மலை இறக்கத்தில் வித்தியாசம் நன்றாகத் தெரியும்.

எண்ணில் பார்ப்போம். வண்டியும் ஆளும் 1,950 கிலோ, டிரெய்லர் 1,350, ஆக 3,300 கிலோ. டிரெய்லருக்குப் பிரேக் இல்லையென்றால், வண்டியின் நாலு பிரேக்கும் வழக்கத்தைவிட 1.7 மடங்கு வெப்பத்தை விழுங்க வேண்டும். வேகம் குறைத்தால் இந்தச் சுமை மளமளவென்று இறங்கும். மணிக்கு 60 மைலிலிருந்து 50-க்கு வந்தால் நிறுத்த வேண்டிய ஆற்றலில் 30 சதவீதம் போய்விடுகிறது. கலிபோர்னியாவில் டிரெய்லர் இழுக்கும் வண்டிகளுக்கு 55 மைல்தான் உச்சவேகம். பழைய வண்டிக்காரர்கள் எந்த மாநிலத்தில் இருந்தாலும் அதைத் தங்கள் சட்டமாக வைத்துக்கொள்ளலாம்.

அதனால், டிரெய்லரின் தகடு 2,990 என்றே சொன்னாலும், அதற்குத் தனி பிரேக் போட்டுக்கொள்ளுங்கள். அதிகம் பயன்படுவது மின்சார பிரேக். ஒவ்வொரு டிரம்முக்குள்ளும் ஒரு மின்காந்தம் இருக்கும். மின்சாரம் போனதும் அது சுழலும் டிரம்மின் முகத்தைப் பிடித்துக்கொள்ளும், அந்த இழுப்பில் ஒரு கை நகர்ந்து ஷூவை விரிக்கும். எவ்வளவு மின்சாரம் அனுப்புவது என்பதை ஓட்டுநர் முழங்காலுக்குப் பக்கத்தில் மாட்டும் கன்ட்ரோலர் தீர்மானிக்கும். மலிவானவை மிதியை அழுத்தியதும் நேரக்கணக்கில் ஏற்றிக்கொண்டே போகும். நல்லவை வண்டி எவ்வளவு வேகமாக வேகம் குறைகிறது என்று உணர்ந்து அதற்கேற்ப அனுப்பும். இரண்டாவதையே வாங்குங்கள், விலை வித்தியாசம் ஒரு செட் டயருக்குக்கூட வராது.

பழைய வண்டிகளில் ஒரு விஷயம் கவனிக்க வேண்டும். மாஸ்டர் சிலிண்டரிலிருந்து ஒரு மெல்லிய குழாய் டாஷ்போர்டுக்குக் கீழே போவதைச் சில வண்டிகளில் பார்க்கலாம். அந்தக் காலத்துக் கன்ட்ரோலர்கள் பிரேக் ஆயிலின் அழுத்தத்தை வைத்து வேலை செய்தவை. அதில் கசிவு வந்தால் வண்டியின் பிரேக்கும் சேர்ந்து போகும். பார்க்க அழகான பழம்பொருள்தான், ஆனால் குழாயைக் கழற்றி, துளையை முறையாக அடைத்துவிட்டு, புதியதைப் போடுங்கள்.

1950-களின் முற்பாதி வண்டி என்றால் இன்னொரு சிக்கல்: அவற்றில் பேட்டரி 6 வோல்ட். டிரெய்லரின் பிரேக்கும் விளக்கும் 12 வோல்ட்டுக்குச் செய்தவை. செவர்லே பிக்கப்புகள் 1955-லும் ஃபோர்டு 1956-லும் 12-க்கு மாறின. மாற்ற விருப்பமில்லாதவர்கள் சர்ஜ் பிரேக் வைத்த டிரெய்லரைப் பார்க்கலாம். வண்டி வேகம் குறையும்போது டிரெய்லரின் மூக்கு முன்னோக்கித் தள்ளும், அந்தத் தள்ளலே ஒரு சிறிய சிலிண்டரை அமுக்கிப் பிரேக் பிடிக்கும். பிரேக்குக்கு வண்டியிலிருந்து மின்சாரமே தேவையில்லை. விளக்குக்கு மட்டும் வேறு வழி பார்க்க வேண்டும். யூ-ஹால் நிறுவனத்தின் வாடகை டிரெய்லர்களில் பிரேக் உள்ளவற்றில் இருப்பது இந்த வகைதான்.

வயரிங்

இதில் பழைய வண்டிக்காரருக்கு ஒரு அதிர்ஷ்டம். அந்தக் கால அமெரிக்க வண்டிகளில் பிரேக் விளக்கும் இன்டிகேட்டரும் ஒரே சிவப்பு பல்பு. சாதாரண நாலு வயர் டிரெய்லரிலும் அதே ஏற்பாடுதான். பழுப்பு பின்விளக்கு, மஞ்சள் இடம், பச்சை வலம், வெள்ளை எர்த். பிற்கால வண்டிகள் பலவற்றுக்குத் தேவைப்படும் மாற்றுப் பெட்டி எதுவும் வேண்டாம், நேராக இணைத்துவிடலாம். மின்சார பிரேக் இருந்தால் ஏழு முனை சாக்கெட் போட்டு, பிரேக்குக்கென்று தடித்த வயர் ஒன்றை பேட்டரியிலிருந்து சர்க்யூட் பிரேக்கர் வழியாகக் கொண்டுவர வேண்டும். ஐம்பது வருஷ ஃபியூஸ் பாக்ஸில் இதைச் செருக வேண்டாம்.

டிரெய்லர் மாட்டியதும் இன்டிகேட்டர் படபடவென்று அடித்தால் பயப்படத் தேவையில்லை. பழைய ஃபிளாஷர் வெப்பத்தில் வளையும் தகட்டை வைத்து வேலை செய்வது, பல்பு கூடினால் வேகமாக அடிக்கும். கனரக ஃபிளாஷர் ஒன்றைச் செருகினால் சரியாகிவிடும். டிரெய்லர் விளக்கு மின்னி மின்னி எரிந்தால் பத்தில் ஒன்பது தடவை கோளாறு எர்த்தில்தான். வெள்ளை வயரைப் பெயின்ட் சுரண்டிய சேஸிஸில் இறுக்குங்கள், ஹிட்ச் பந்து வழியாக எர்த் கிடைக்கும் என்று விட்டுவிடாதீர்கள்.

பிரேக் உள்ள டிரெய்லரின் மூக்கில் ஒரு சின்ன பேட்டரியும் கம்பி கட்டிய ஒரு முள்ளும் இருக்கும். டிரெய்லர் கழன்று போனால் கம்பி முள்ளைப் பிடுங்கும், பேட்டரி பிரேக்கைப் பிடித்துவிடும். அந்தக் கம்பியைச் சங்கிலியில் மாட்டாமல் வண்டியின் சேஸிஸில் தனியாக மாட்டுங்கள். பேட்டரியில் சார்ஜ் இருக்கிறதா என்று அவ்வப்போது பாருங்கள், பலர் வாங்கிய நாளோடு அதை மறந்துவிடுகிறார்கள்.

ஏற்றமும் இறக்கமும்

ஏறும்போது எதிரி சூடு. ரேடியேட்டரைச் சுத்தம் செய்து, ஃபேனுக்கு உறை இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள். காற்று ரேடியேட்டர் முழுவதையும் தாண்டி வர அந்த உறை அவசியம், பழைய வண்டிகளில் அது காணாமல் போயிருப்பது வழக்கம். ஆட்டோமேட்டிக் கியர் என்றால் தனியாக ஒரு ஆயில் கூலர் போடுங்கள். பழைய ஆட்டோமேட்டிக்குகள் பாரத்தில் சாவது பெரும்பாலும் சூட்டினால்தான்.

இறங்கும்போது, ஏறிய கியரிலேயே அல்லது அதற்கும் கீழே இறங்குங்கள். நம் 3,300 கிலோ, 6 சதவீத இறக்கத்தில் மணிக்கு 80 கிலோமீட்டரில் போனால், ஏறக்குறைய 43 கிலோவாட் ஆற்றல் எங்கேயாவது போயாக வேண்டும். கொஞ்சத்தைக் காற்று வாங்கிக்கொள்ளும். மீதியை இன்ஜினுக்குக் கொடுக்காவிட்டால் பிரேக்தான் வாங்கும். நாலு கியர் மேனுவல் பெட்டியான எஸ்.எம்.465 இருந்தால் முதல் கியர் 6.55-க்கு ஒன்று. அது ஆமை வேகத்துக்கானது, மலையில் இரண்டாவதும் மூன்றாவதும் போதும். பிரேக்கைத் தொடர்ந்து மிதித்துக்கொண்டே வராமல், ஒருமுறை நன்றாகப் பிடித்து வேகம் குறைத்து, விட்டு, ஆறவிட்டு, மறுபடி பிடியுங்கள்.

டிரெய்லர் ஆடத் தொடங்கினால் வண்டியின் பிரேக்கை மிதிக்காதீர்கள், ஸ்டியரிங்கை எதிர்ப்பக்கம் வெட்டாதீர்கள். நேராகப் பிடித்து, ஆக்சிலரேட்டரை மெல்ல விட்டு, கன்ட்ரோலரில் இருக்கும் கைநெம்பை நகர்த்தி டிரெய்லர் பிரேக்கை மட்டும் பிடியுங்கள். டிரெய்லர் பின்னால் இழுபட்டு நேராகிவிடும். அப்புறம் ஓரம் கட்டிப் பாரத்தை முன்னால் நகர்த்துங்கள். அதைச் செய்யாமல் கிளம்பினால் அதே வேகத்தில் மறுபடி ஆடும்.

முதல் ஓட்டம்

டயர்களைப் பாருங்கள். பக்கச்சுவரில் டி.ஓ.டி. (DOT) என்று தொடங்கும் எண்ணின் கடைசி நாலு இலக்கம் தயாரித்த வாரமும் வருஷமும். 2319 என்றால் 2019-ன் 23-வது வாரம். டிரெய்லர் டயர்கள் பெரும்பாலும் தேய்ந்து போவதைவிட வெயிலில் கிடந்து முதுமையில் வெடிப்பதே அதிகம். டயரின் பூ (தரையைத் தொடும் பள்ளக்கோடுகள்) அப்படியே இருக்கிறது என்று ஏமாற வேண்டாம். காற்றைப் பக்கச்சுவரில் போட்டிருக்கும் அழுத்தத்துக்கு, டயர் குளிர்ந்திருக்கும்போது நிரப்புங்கள். டிரெய்லருக்கென்றே செய்த டயர்களில் பலவற்றுக்கு உச்சவேகம் 65 மைல்.

முதல் தடவை ஞாயிற்றுக்கிழமை காலையில் காலியான ஒரு பெரிய வாகன நிறுத்தத்துக்குப் போங்கள். மெதுவாக ஓட்டி, கைநெம்பால் டிரெய்லர் பிரேக்கை மட்டும் பிடித்து, சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் வண்டியைப் பின்னால் இழுப்பது தெரியும் அளவுக்குக் கன்ட்ரோலரைத் திருப்பி வையுங்கள். பாரம் மாறும்போதெல்லாம் இதை மாற்ற வேண்டும். ரிவர்ஸ் எடுக்க, ஸ்டியரிங்கின் அடிப்பாகத்தில் கையை வையுங்கள். கை போகிற பக்கம் டிரெய்லரின் பின்புறம் போகும். கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பி, மடங்கத் தொடங்கினால் முன்னால் எடுத்து நேராக்கி, மறுபடி வாருங்கள்.

நெடுஞ்சாலையில் பத்து மைல் போனதும் ஓரமாக நிறுத்தி இறங்குங்கள். டிரெய்லரின் ஒவ்வொரு சக்கரத்தின் மையத்திலும் இருக்கும் ஹப்பைப் புறங்கையால் மெல்லத் தொட்டுப் பாருங்கள். இளஞ்சூடு சரி. ஒன்று மட்டும் கை வைக்க முடியாத அளவு கொதித்தால் பேரிங்கில் கிரீஸ் இல்லை, அல்லது அந்தப் பக்கப் பிரேக் விடாமல் உரசுகிறது. அப்படியே ஓட்டிக்கொண்டு போகாதீர்கள். சக்கர நட்டுகளை முதல் 50 மைலுக்குள் ஒரு தடவை டார்க் ரெஞ்சில் மறுபடி இறுக்குங்கள். புதிதாக மாட்டிய ஹிட்ச்சின் போல்ட்டுகளையும் அப்போதே சேர்த்துப் பார்த்துவிடலாம்.